பஞ்சு கடித்திருந்த அரைமணி

"அரைமணி நேரம் நல்லா அழுத்திக் கடிச்சுக்குங்கம்மா. பேசக் கூடாது, துப்பக் கூடாது. ஊறுற எச்சியை முழுங்கிடுங்க." டாக்டர் ஷாகிரா இதைத் துளசிமணியிடம் சொல்லிவிட்டு, அவளை அவ்வளவாக நம்பாதவர் போல மகள் பிருந்தாவின் பக்கம் திரும்பி இன்னொரு தடவையும் சொன்னார். பிருந்தா ஏழு மாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, சரிங்க, சரிங்க என்று தலையாட்டி, அம்மாவை வெளியே கூட்டி வந்து சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டாள். எதிரே கடிகாரத்தில் பதினொன்று பத்து. பதினொன்று நாற்பது வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அதொன்றும் கஷ்டமில்லை என்று துளசிமணி நினைத்தாள், ஐம்பத்து நாலு வருசத்தில் வாயைத் திறந்ததைவிட மூடியிருந்த நேரம்தான் அதிகம். இடது பக்க உதடும் தாடையும் அவளுடையதாகவே இல்லை, யாரோ தலையணை ஓரத்தை வெட்டி அங்கே வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. வலி இல்லை. ஊசி போட்டபோது சுருக்கென்றது, அப்புறம் மண்டைக்குள் மரத்தை முறுக்குவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். டாக்டர் பல்லைத் தட்டில் போட்டபோது டிங்கென்று கேட்டது. எட்டிப் பார்த்தாள். இரண்டு கால் இருந்தது அதற்கு, அடியில் பழுப்பேறி, ஒரு கால் கொஞ்சம் வளைந்து. இவ்வளவு பெரிய சாமானா தாடைக்குள் இருந்தது. எட்டு மாதமாக வலித்த பல். "ஏம்மா இவ்ளோ நாள் வரலே?" என்று டாக்டர் கேட்டதற்கு, "வலிக்கலீங்க" என்று சொன்னாள். அது பொய் என்று டாக்டருக்கும் தெரியும், பிருந்தாவுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதில் அவள் வாயில் அப்படித்தான் வரும், அது யோசித்து வருகிற பதில் இல்லை. இதோடு ஏழு பல் போயிற்று. ஏழா, ஆறா? மேலே வலது பக்கம் இரண்டு, கீழே ஒன்று, அப்புறம்... நாக்கால் தொட்டு எண்ணலாம் என்று பார்த்தால் நாக்கும் பாதி மரத்துக் கிடந்தது.

டாக்டர் முதலில் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை இழுத்துப் பிடித்ததுமே, "டைலரா நீங்க?" என்று கேட்டுவிட்டார். துளசிமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பல்லின் நுனியில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதாம், நூல் கடித்துக் கடித்து விழுந்த பள்ளம். முப்பது வருசமாக வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள், கத்திரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கும், இருந்தாலும் நூலை அறுக்கப் பல்தான் முந்திக்கொண்டு போகும். குண்டூசியையும் உதட்டில்தான் வைத்துக்கொள்வாள். அளவெடுக்க வருகிறவர்கள் பேச்சுக் கொடுத்தால் ம் என்று மட்டும் சொல்ல அது ஒரு வசதி. வாயைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிட்டாரே, இன்னும் என்னவெல்லாம் தெரிந்ததோ இந்த அம்மாவுக்கு என்று அந்த நாற்காலியில் மல்லாந்து கிடந்தபோது ஒரு பயம் வந்தது. அதற்கேற்றாற்போல அடுத்த கேள்வி, "மாசவிலக்கு நின்னு எத்தனை வருசமாச்சு?" பல் டாக்டர் எதற்கு இதைக் கேட்கிறார். அஞ்சு என்று விரலைக் காட்டினாள். "அதுக்கப்புறம் வாய் காஞ்சு போகுதா? நாக்கு எரியுதா, காரம் தாங்க முடியலையா?" இதை யாரும் இதுவரை அவளிடம் கேட்டதில்லை. அஞ்சு வருசமாக வாய் காய்ந்த சாக்கு மாதிரிதான் இருக்கிறது, சாதத்தைத் தண்ணீர் குடித்துத்தான் இறக்க வேண்டியிருக்கிறது, மிளகு பட்டால் நாக்கு வெந்துபோகிறது. வீட்டில் ரசத்தில் மிளகைக் குறைத்துக் குறைத்து, "இது என்ன வெந்நீரா?" என்று புருசன் நாச்சிமுத்து தட்டைத் தள்ளியிருக்கிறார். மிளகு சரியில்லைங்க, புது மிளகு வாங்கணும் என்று மிளகின் மேல் பழியைப் போட்டாளே தவிர, என் நாக்கு எரியுது என்று சொல்லத் தோன்றவில்லை. சொல்வதற்கு அது ஒரு வியாதியா என்ன. வியாதிதானாம். எச்சில் வற்றினால் பல் வேரோரமாகச் சொத்தை விழும், அதனால்தான் இந்தப் பல்லும் போனது என்கிறார் டாக்டர். உடம்பில் கீழே ஒன்று நின்றால் மேலே ஒன்று வற்றுகிறது. கீழே ஒன்று தொடங்கியபோதும் அப்படித்தானே நடந்தது.

பதிமூன்று வயதில் அவள் பெரிய மனுசியானபோது கொல்லைப்புறம் தென்னை ஓலையில் குச்சுக் கட்டி உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, விரலால் பல் தேய்க்கும்போது ஈறெல்லாம் வீங்கித் தொட்டால் ரத்தம் வந்தது. அவள் அதைப் பார்த்துப் பார்த்துப் பயந்தது இன்றைக்கும் அப்படியே நெஞ்சில் இருக்கிறது. கீழேயும் ரத்தம், மேலேயும் ரத்தம். இப்படி இரண்டு பக்கமும் போனால் உடம்பில் எவ்வளவுதான் இருக்கும், இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அந்தக் குச்சுக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பதினாறு நாள் முடிவதற்குள் செத்துவிடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தது. அம்மா சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போகும்போது, "அம்மா, பல்லுல ரத்தம் வருது" என்றாள். "உப்புப் போட்டுத் தேச்சுட்டு வாயை மூடிட்டுக் கெட. இதையெல்லாம் வெளிய சொல்லாதே, வயசுக்கு வந்த புள்ளைக்கு வாய் நாத்தம்னு பேராயிரும்." அம்மா கெட்டவள் இல்லை. அவளுக்கும் அவ்வளவுதான் சொல்லியிருப்பார்கள். உப்பு எரிந்தது, ரத்தம் ஒரு மாதிரி நின்றது, மறு மாதம் அதே நாளில் திரும்பி வந்தது. வாயை மூடிக்கொள்ளப் பழகியது அப்போதுதான். சிரித்தால் கை தானாக உதட்டுக்குப் போகும். பெண் பார்க்கப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தார்கள், கிராம்பு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். "பொண்ணு பேசுமுங்களா?" என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டதற்கு அம்மா எவ்வளவு பெருமையாகச் சொன்னாள், "எங்க புள்ள வாயைத் தொறந்து ஒரு சொல்லுப் பேசாதுங்க." எல்லார் முகமும் மலர்ந்தது. அதிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது. நாச்சிமுத்து ரொம்ப நாள் கழித்துச் சொன்னார், "நான் உன்னைத் திமிர் புடிச்சவள்னு நெனச்சேன்." கிராம்பின் உறைப்புத் தாங்காமல் முகத்தை இறுக்கி வைத்திருந்ததைப் பார்த்து அப்படி நினைத்தாராம்.

பஞ்சு நனைந்து கனத்தது. இரும்புச் சுவை. விழுங்கினாள். எதிர்ச் சுவரில் கடிகாரத்துக்குக் கீழே ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தார்கள், பெண்களும் பல் நலமும் என்று மேலே எழுதி, ஒரு சின்னப் பெண், ஒரு குமரி, வயிறு பெருத்த ஒருத்தி, கண்ணாடி போட்ட ஒரு வயதானவள் என்று வரிசையாக வரைந்திருந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைப் பல், எல்லாரும் சிரிக்கிறார்கள். துளசிமணி எட்டாவது வரைக்கும் படித்தவள். வேறு வேலை இல்லாததால் எழுத்துக்கூட்டாமலே படித்துக்கொண்டு வந்தாள். பூப்பெய்தும் வயதில் உடலில் ஏற்படும் மாற்றங்களால் ஈறு வீங்கி ரத்தம் வரலாம், பயப்பட வேண்டாம் என்று இரண்டாவது படத்துக்குக் கீழே போட்டிருந்தது. பயப்பட வேண்டாம். அதை அந்தக் குச்சு ஓலையில் ஒட்டி வைத்திருக்கலாம். மூன்றாவது படத்துக்கு வந்தாள். கர்ப்பிணிகளே, ஈறில் ரத்தம் வருகிறதா? கர்ப்ப காலத்தில் ஈறு நோய் அதிகமாகும். ஈறு நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு இருக்கலாம். பல் மருத்துவரைப் பாருங்கள். அவள் நான்காவது படத்துக்குப் போகவில்லை. மறுபடி மேலேயிருந்து படித்தாள். தொடர்பு இருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்தாள், பதினொன்று பதினெட்டு. திரும்பவும் படித்தாள். உண்டு என்று போட்டிருந்தால் அழுதுவிட்டுப் போய்விடலாம். இல்லை என்று போட்டிருந்தால் எழுந்து போய்விடலாம். இருக்கலாம் என்றால் என்ன செய்வது. தாடையில் பஞ்சை அழுத்திக் கடித்தாள். கடித்தது தெரியவில்லை, மரத்த பக்கம் அது.

பிருந்தா மூத்தவள் இல்லை. அவளுக்கு முன்னால் ஒருத்தன் இருந்தான், நாலு நாள். இது பிருந்தாவுக்குத் தெரியாது. மறைக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவு பண்ணவில்லை. நாச்சிமுத்து பேசவில்லை, அவளும் பேசவில்லை, நாலு வருசம் கழித்துப் பிருந்தா பிறந்தாள், பிள்ளை பிறந்த வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம் என்றார்கள், அப்புறம் பேசாததே பழக்கமாகிவிட்டது. போன மாதம் வளைகாப்பில் முதல் வளையலைத் துளசிமணிதான் போட வேண்டும் என்று பிருந்தா ஆசைப்பட்டாள், இவள் எதையோ எடுத்து வர உள்ளே போகிறவள் மாதிரி நழுவி, நாத்தனாரைப் போட வைத்துவிட்டாள். பிருந்தா இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது, முதல் பிள்ளையைத் தக்க வைக்காத கை என்று. அந்தப் பையன் வயிற்றில் இருந்தபோது அஞ்சு மாதம் வரைக்கும் ஓயாத வாந்தி. வாந்தியெடுத்த வாயில் பல்லெல்லாம் கூசும், தேய்க்கப் போனால் குமட்டும், அதனால் தேய்க்காமலும் விட்டாள். ஆறாம் மாதம் கீழே முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஈறிலிருந்து சிவப்பாக ஒன்று கிளம்பியது. முதலில் மாதுளை முத்து மாதிரி, அப்புறம் சுண்டைக்காய் அளவுக்கு. வலி கிடையாது. தொட்டால் ரத்தம், சோறு பட்டால் ரத்தம். ஒருநாள் காலையில் வாசல் சாக்கடையில் துப்பினதை மாமியார் பார்த்துவிட்டு, "புள்ளத்தாச்சி காலங்காத்தால வாசல்ல ரத்தம் துப்பலாமா" என்று முகத்தைச் சுளித்தாள். பெற்றுப் போட்டால் சரியாகிவிடும், எல்லாருக்கும் வருவதுதான் என்றாள். அன்றிலிருந்து துப்பவில்லை. விழுங்கினாள். இரண்டு மாதம் தினமும் காலையில் வாயில் ஊறின ரத்தத்தையும் அந்த நாற்றத்தையும் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினாள், இதெல்லாம் எங்கே போகும், உள்ளே அவனுக்குத்தானே போகும் என்று நினைத்துக்கொண்டே விழுங்கினாள். எட்டாம் மாதத் தொடக்கத்தில் நீர் உடைந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள், எல்லாரும் நன்றாகத்தான் பார்த்தார்கள், ஒன்றரைக் கிலோ, மூச்சு பற்றவில்லை. அழும்போது வாய்க்குள்ளே தெரியும். சத்தம் வராத அழுகை, ஆனால் வாய் பெரிதாகத் திறக்கும், ஈறு இரண்டும் ரோஜா நிறத்தில், ஒரு குறையில்லாமல், அவ்வளவு சுத்தமாக. மாமியார் சொன்னது போலவே ஒரு மாதத்தில் அந்தச் சுண்டைக்காய் சுருங்கிக் காணாமல் போயிற்று. பக்கத்துப் பல் இரண்டும் ஆடத் தொடங்கின. அவள் அப்போது நினைத்தது இதுதான், பல் போனால் போகட்டும், என் வாயிலிருந்து என்னதான் அவனுக்குள்ளே போச்சு. முப்பது வருசத்தில் அந்தக் கேள்வி தேய்ந்து தேய்ந்து எங்கேயோ அடியில் கிடந்தது. இப்போது ஒருத்தர் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

பிருந்தா பிறந்தபோது ஒன்றும் ஆகவில்லையே. அப்போதும் ஈறு வீங்கியது, அவள் வேப்பங்குச்சியும் உப்புமாகத் தேய்த்தாள், குமட்டினாலும் தேய்த்தாள், துப்பினாள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று துப்பினாள். பிருந்தா நிறை மாதத்தில் மூன்று கிலோ. அப்படியென்றால் அதுதான் காரணமா. அப்படிச் சொல்ல முடியாது, இரண்டாவது தடவை வாந்தியும் இல்லை, நாச்சிமுத்து தனிக்குடித்தனம் வைத்திருந்தார், சாப்பாடும் நன்றாக இருந்தது. இருக்கலாம். மறுபடி அந்த வார்த்தைதான். பிருந்தாவுக்கு ஏழாம் மாதம் கீழே முதல் பல் முளைத்த அதே வாரம்தான் இவளுக்கு மேல் கடைவாய்ப் பல் ஒன்று போனது. அதற்கு முன்னால், பிள்ளை பால் குடிக்கையில் அது சுரீரென்று இழுக்கும், பல் வலியும் பால் சுரப்பும் ஒரே நரம்பில் கட்டியிருப்பதுபோல. பிருந்தா அந்தப் புதுப் பல்லால் கடித்தபோது கத்திவிட்டு அப்புறம் சிரித்தாள். வீட்டுக்கு ஒரு பல் வந்தது, ஒரு பல் போனது. நல்ல நாட்கள்தான் அவை. பக்கத்தில் பிருந்தா போனில் எதையோ பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். துளசிமணி திரும்பினாள். பிருந்தாவின் மேலுதடு சிரிப்பில் நன்றாக ஏறியிருந்தது. அவள் அம்மாவைப்போலக் கையால் மூடுகிறவள் இல்லை, வாய் நிறையச் சிரிக்கிறவள். பல்லுக்கு மேலே ஈறு விளிம்பு கோடு போட்டதுபோல இரத்தச் சிவப்பில் தடித்திருந்தது. கோரைப் பல்லுக்கு மேலே, ஒரு மாதுளை முத்து.

சிரிப்பு முடிந்து உதடு மூடிக்கொண்டது. பதினொன்று இருபத்தைந்து. பார்த்தது சரிதானா. விளக்கு வெளிச்சமாக இருக்கலாம், சாப்பிட்டது ஒட்டியிருக்கலாம், காலையில் தக்காளிச் சட்னிதான் அரைத்தாள். இன்னும் பதினைந்து நிமிசம் இருக்கிறது, முடிந்ததும் கேட்கலாம். பதினைந்து நிமிசத்தில் என்ன ஆகிவிடும். அப்போதும் இப்படித்தான் பெற்றுப் போட்டால் சரியாகிவிடும் என்று இருந்தாள். ஏழு மாதம், வருகிற வெள்ளிக்கிழமையோடு இருபத்தொன்பது வாரம் என்று பிருந்தா போனில் பார்த்துச் சொன்னாளே. அவனுக்கு எத்தனை வாரமென்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். கேட்டால் ஏன் என்பாள். ஏன் என்றால் என்ன சொல்வது. ஒருத்தன் இருந்தான் என்று ஏழு மாத வயிற்றுக்காரியிடம் சொல்வதா, அந்தப் பயமே போதுமே ஏதாவது ஆவதற்கு. சொல்லாமலே டாக்டரிடம் காட்டலாம். சும்மா ஒரு தடவை பார்த்துக்கோ என்றால் அவள் ஒத்துக்கொள்வாளா. கர்ப்பத்தில் பல்லில் கை வைக்கக் கூடாது என்று சம்பந்தியம்மா சொல்லியனுப்பியிருப்பாள். துளசிமணிக்கு வாயில் எச்சிலும் ரத்தமும் நிறைந்து வந்தது. விழுங்கப் போனாள். விழுங்கவில்லை. அவள் கைக்குட்டையை வாயில் வைத்துப் பஞ்சை வெளியே எடுத்தாள்.

"அம்மா! என்ன பண்றே? இன்னும் நேரமாகலே!"

"வாயைத் தொற." பாதி உதடு வராததால் வார்த்தை குழறிக்கொண்டு வந்தது.

"பேசக் கூடாதுன்னாங்கம்மா. ரத்தம் வரும்."

"வந்தா வருது. நீ வாயைத் தொற கண்ணு. மேலுதட்டைத் தூக்கு."

எதிரே உட்கார்ந்திருந்த ஒரு ஆள் பார்த்தார். பிருந்தா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாயைத் திறக்காமலே, "அது ஒண்ணுமில்லை," என்றாள். எது என்று துளசிமணி இன்னும் கேட்கவேயில்லை.

"எத்தனை நாளா?"

"நாலாம் மாசத்துலருந்து. பிரஷ் பண்ணா கொஞ்சம் ரத்தம் வரும். இந்த வீக்கம் இப்ப ஒரு வாரமாத்தான். எங்க மாமியார், எல்லாருக்கும் வர்றதுதான், குழந்தை பொறந்தா போயிரும்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"நீ மட்டும் சொன்னியா? எட்டு மாசமா பல்லு வலிச்சதை யார்கிட்டச் சொன்னே? கன்னம் வீங்கினப்புறம் நாந்தானே பாத்து இழுத்துட்டு வந்தேன்." பிருந்தாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வாய் நாறுதோன்னு அவர்கிட்டக் கூடத் தள்ளி நின்னுதான் பேசறேன்."

துளசிமணி எழுந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிருந்தா வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள். உள்ளே டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். துளசிமணியின் கையில் இருந்த பஞ்சைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது, முதலில் அவள் வாயைத்தான் பார்த்தார். ரத்தம் உறைந்திருக்கிறது, பரவாயில்லை, ஆனால் கொப்பளிக்கக் கூடாது என்றார். "எம் புள்ளையைப் பாருங்க," என்றாள் துளசிமணி.

டாக்டர் பிருந்தாவைப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே வலது பக்கம் சின்னத் தலையணையைச் சொருகி, இடது பக்கமாகக் கொஞ்சம் சாயச் சொன்னார். விளக்கை இழுத்தார். "இது கட்டி கிட்டியெல்லாம் இல்ல, பயப்படாதீங்க. கர்ப்பத்துல வர்றதுதான், பிரசவம் ஆனா சுருங்கிடும். ஆனா ஈறு ரொம்ப வீங்கியிருக்கு, பல்லோரமெல்லாம் காரை புடிச்சுக் கெடக்கு. இதை இப்பவே எடுத்துடணும். ஏழாம் மாசத்துல சுத்தம் பண்றதுல ஒரு ஆபத்தும் இல்ல. இன்னைக்குப் பாதி, அடுத்த வாரம் பாதி."

"டாக்டர், சுவத்துல போட்டிருக்கீங்களே..." துளசிமணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "குறைமாசத்துக்குத் தொடர்பு இருக்கலாம்னு. எனக்கு இதே மாதிரிதான் வந்துச்சுங். இதைவிடப் பெருசா. அப்படியே விட்டுட்டேன். அதனாலதான் எம் பையன் போயிட்டானுங்களா?"

டாக்டர் கையில் எடுத்த கருவியைத் தட்டில் வைத்தார். "எப்பம்மா?"

"முப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங். எட்டாம் மாசம் தொடங்குறப்ப."

"குறைமாசம் ஆகறதுக்கு நூறு காரணம் இருக்கும்மா. ஈறு கெட்டுக் கெடக்கறவங்கள்ல கொஞ்சம் அதிகமாப் பாக்கறாங்க, அதுதான் காரணமான்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. உங்க பையனுக்கு என்ன ஆச்சுன்னு நானும் சொல்ல முடியாது, யாரும் சொல்ல முடியாது. ரத்தம் வர்றதுன்னு அன்னைக்கு நீங்க வந்திருந்தா பாத்திருப்பாங்க. உங்களைக் கூட்டிட்டு வர யாரும் இல்ல. அவ்வளவுதாம்மா."

ஆமாங்க என்பதுபோலத் தலையாட்டினாள். அது ஆறுதலா இல்லையா என்று அவளுக்கு அப்போது பிடிபடவில்லை. இருக்கலாம் என்பது டாக்டருக்கும் இருக்கலாம்தான். மல்லாந்து கிடந்த பிருந்தா வாயைத் திறந்தபடி கண்ணை மட்டும் அம்மா பக்கம் திருப்பியிருந்தாள். கண் அசையவே இல்லை. டாக்டர் கருவியை எடுத்தார், கீச்சென்று சத்தம் எழுந்தது, தண்ணீர் தெறித்தது, உறிஞ்சுகுழாய் இரைந்தது. துளசிமணி கால்மாட்டில் நின்று மகளின் வீங்கின பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் முழுக்க முடிய இருபது நிமிசம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அந்தக் கண் அவள் மேலேயே இருந்தது. ஒரு தடவை வயிற்றின் ஓரத்தில் உள்ளேயிருந்து எதுவோ உந்தித் துணி லேசாக எழும்பி அடங்கியது, டாக்டரும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

சாய்வை நிமிர்த்தியதும் பிருந்தா தொட்டியில் துப்பினாள். நிறைய ரத்தம். இன்னொரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்து மறுபடி துப்பினாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் அங்கே நிற்பதையே மறந்ததுபோல, "எத்தனை நாள் இருந்தான்?" என்று கேட்டாள்.

"நாலு நாள்."

"பேரு?"

"வெக்கலே கண்ணு. வெக்கறதுக்குள்ள..."

பிருந்தா அம்மாவின் கையைப் பிடித்து இறங்கி, செருப்பைக் காலால் தேடிக்கொண்டே, "எப்படி இருந்தான்?" என்றாள்.

துளசிமணி யோசித்தாள். இத்தனை வருசத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எடை கேட்டிருக்கிறார்கள், எத்தனை மாதம் என்று கேட்டிருக்கிறார்கள். ஊசியின் மரப்பு மெல்ல விட்டுக்கொண்டிருந்தது, தாடையின் அடியில் முதல் வலி எழும்பியது.

"தலை நெறைய முடி," என்றாள். "கறுகறுன்னு. நெத்தி வரைக்கும் வந்து விழும்."